கிள்ளு டீச்சர் மறித்த வாசல்

'தொடாதீர்கள்' என்ற சொல்லை உலகத்திலேயே அதிகமாக வெறுத்தவர், நாகல் நகரில் எங்கள் தெருவில் குடியிருந்த கிள்ளு டீச்சர்தான். எந்தச் செடியைக் கண்டாலும் "கிள்ளி மோந்து பாருங்க" என்பார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் மாலையையே கிள்ளியவர். போட்டோக்காரர் அதையும் எடுத்துவிட்டார்.

பின்தெரு மரியாவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். பேச்சு வராது. வாசனை என்றால் முகமெல்லாம் சிரிப்பு. மற்றப் பிள்ளைகள் பூங்காவில் விளையாடுவதை, உள்ளே தனக்கென்று எதுவும் இல்லாததால், தினமும் வேலிக்கு வெளியே இருந்து பார்ப்பாள். அவளும் அவர்களோடு சேரட்டும் என்று, பூங்காவில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கித் தோட்டம் போட்டார் டீச்சர். உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் தொட்டி கட்டி, மரிக்கொழுந்து, கற்பூரவல்லி, தொட்டாற்சிணுங்கி வைத்தார்.

திறப்பு விழாவன்று பார்த்தால் எனக்கே ரத்தம் கொதித்தது. தொட்டியின் மேல் 'செடிகளைத் தொடாதீர்கள்' என்று ஓர் இரும்புப் போர்டு. வாசலில், மாடு நுழையாமல் இருக்க, ஆள் மட்டும் நெளிந்து போகும்படி வளைத்து வளைத்துப் புதுக் கம்பி. இரண்டும் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கைங்கரியம். ஆடு ஜோராக உள்ளே போனது. மரியாவின் நாற்காலி மட்டும் போகவில்லை. இப்படி யோசிக்க எங்கே போய்ப் படிக்கிறார்களோ!

"செயலாளரே, இம்புட்டு அறிவ எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார் டீச்சர்.

"மாடு வந்துரும்ல டீச்சர்? பாப்பாவ ரெண்டு பேரு தூக்கிட்டு வந்துருவோம்," என்றார் அவர், உள்ளே நின்றபடி.

"தெனமும் வந்து தூக்குவீங்களா?"

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கம்பிகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே சிறப்பு விருந்தினரும் செயலாளரும் நடைப்பயிற்சிக் கூட்டமும். வெளியே வடையும் காபியும். நாற்காலியோடு அவரைத் தூக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள்.

"டீச்சர், நான் சுகர்காரன். வழிய விடுங்க!" என்று செயலாளர் கதறினார்.

"செத்த நேரத்துக்கே இப்படிப் பதறுறீங்க. இந்தப் புள்ள எம்புட்டு நாளா வேலிக்கு வெளிய உக்காந்திருக்கா?"

வடை ஆறியது. செயலாளரே போன் போட்டு வெல்டிங்காரரை வரவழைத்தார். கம்பியை அறுத்ததும், டீச்சர் அந்தப் போர்டைப் பிடுங்கி வந்து வாசற்படியில் சாய்த்துப் போட்டார். அதன்மேல் ஏறித்தான் மரியாவின் நாற்காலி உள்ளே போனது. அவள் மரிக்கொழுந்தைக் கை நிறையப் பறித்து முகத்தில் அப்பிக்கொண்டாள்.

டீச்சர் இப்போது மகனோடு பழனியில் இருக்கிறார். இங்கே மரிக்கொழுந்து எந்நாளும் மொட்டையாகத்தான் நிற்கிறது. மரியாவும் மற்றப் பிள்ளைகளும் விட்டுவைத்தால்தானே! இருந்தும் தினமும் காலையில் ஒரு கொழுந்தாவது தேடிக் கிள்ளிக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன். டீச்சர் இல்லாத தெருவில் எனக்கு அதுதான் துணை.