செவ்வந்தி கேட்ட இருட்டு

"இது செவ்வந்தியோ, கீரையோ?" கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார் சந்திரமதி.

அவருடைய கணவர் ஸ்கந்தராஜா குனிந்து இலைகளை விலக்கி மொட்டுத் தேடினார். கேட்டுக்கு வெளியே வடிகாலோரம் இருந்த பத்துத் தொட்டிகளிலும் செடிகள் முழங்கால் உயரம் செழித்திருந்தன. ஒரு மொட்டுகூட இல்லை. ஈப்போவில் முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்பதாவது திருமண நாளுக்குத் தன் கையால் வளர்த்த செவ்வந்தியை மனைவிக்குத் தருவதாக வாயை விட்டிருந்தார். இன்னும் மூன்றே மாதம்.

"நாப்பது வருசத்தில ஒரு பூ வாங்கித் தரேல்லை. இப்ப இலை வளர்த்துத் தாறியள்."

"கொஞ்சம் பொறும், மதி."

உரம் போட்டார். இலைகள் இரட்டிப்பாயின. பிறகு நாற்று வாங்கிய சிம்பாங் பூலாய்க்கே போனார்.

"வீட்டு முன்னால தெருவிளக்கு இருக்கா அங்கிள்?" என்று கேட்டார் நாற்றுக்கடை இராமசாமி.

"செடிக்கு நேர மேலதான் நிக்குது."

"அப்புறம் எப்படிலா பூக்கும்? செவ்வந்திக்கு ராத்திரி முழுக்க இருட்டா இருக்கணும். சீக்கிரம் பூத்துடக் கூடாதுன்னுதான் நாங்களே பண்ணையில பல்பு போட்டு வைக்கிறோம்."

ஒரு பூவுக்கு வெளிச்சம் எதிரியாக இருக்கலாம் என்பதை ஸ்கந்தராஜா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். இருட்டின் நீளத்தைச் செடி எதைக் கொண்டு அளக்கிறது? யாரும் பார்க்காத நேரத்தில் அது எதை எண்ணிக்கொண்டிருக்கிறது?

வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கூரை. அங்கே வெயில் விழாது. ஆகவே தெருவிளக்கைப் பற்றி மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார். மலாயில், மூன்று பத்திகள். அவருடைய கடிதங்களுக்கு அலுவலகங்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது.

இரண்டே வாரத்தில் லாரி வந்தது. ஏணியில் ஏறியவர்களுக்கு ஸ்கந்தராஜா ஐஸ் மைலோ கொடுத்தார். மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. பழைய மஞ்சள் விளக்கு போய், வெள்ளை வெளேரென்று புதிய எல்.இ.டி. சந்திரமதி வாசலில் நின்று அந்த வெளிச்சத்தில் பேப்பரை விரித்துப் படித்தே காட்டினார்.

"அணைக்கச் சொல்லித்தானே எழுதினியள்?"

"அது மூண்டாம் பந்தியில. உவங்கள் 'விளக்குப் பிரச்சினை' எண்ட முதல் வரியோட நிப்பாட்டிப்போட்டாங்கள்."

மறுநாள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்து வந்தால் பைகளும் இல்லை, தொட்டிகளும் இல்லை. அன்று குப்பை லாரி வரும் நாள்.

நான்கு இடத்துக்குப் போன் செய்து, லாரியில் வேலை பார்க்கும் ராஜுவைப் பிடித்தார்.

"குப்பைன்னுதான் தூக்கினேன் அங்கிள். தெறந்து பாத்தா பச்சப்பசேல்னு இருக்கு. மனசு கேக்கல, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். என் சம்சாரம் பிரமிளா எல்லாத்தையும் மண்ணுல நட்டுட்டா. இப்பப் புடுங்கினா செத்துடும்லா. பூத்ததும் வந்து பறிச்சுக்குங்க."

"செடியள் எங்கை?" என்று சந்திரமதி கேட்டபோதெல்லாம், "ஹோஸ்டல்ல விட்டிருக்கிறன்" என்றார்.

திருமண நாளன்று காலை மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். செம்பனை மரங்களுக்கு நடுவே, ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லாத செம்மண் பாதை. அதன் முடிவில், எப்போதோ ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு வரிசை லயத்து வீடுகள். ராஜுவின் வீட்டு முன்னால் தரையே மஞ்சளாக இருந்தது.

ஸ்கந்தராஜா ஒரு பூவைப் பறித்து நீட்டினார். சந்திரமதி அதை முகர்ந்தார்.

"வாசத்தில ஒரு கசப்பு இருக்குது. நாப்பது வருசம் மாதிரி." சொல்லிவிட்டுத் தலையில் செருகிக்கொண்டார்.

ராஜுவின் மனைவி பிரமிளா கோப்பி கொண்டுவந்தாள். ஸ்கந்தராஜாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு நிற்கவில்லை. கடிதத்தின் கதை, லாரியின் கதை, வாசலில் பேப்பர் படித்த கதை எல்லாம் சொன்னார். ராஜு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உங்கட இருட்டு அருமையான இருட்டு, பிள்ளை. உப்பிடி ஒண்டு ஈப்போவில தேடினாலும் கிடையாது. குடுத்து வைச்சனீங்கள்!" என்றார் ஸ்கந்தராஜா பிரமிளாவிடம்.

பிரமிளா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பன்னெண்டு வருசமா எங்க லயத்துக்கு லைட்டு கேட்டு எழுதிக்கிட்டிருக்கோம் அங்கிள். உங்களுக்கு ரெண்டே வாரத்துல வந்துருச்சே, எப்படி எழுதுனீங்க?"