ஜோதியில் கலந்த தாய்மாமன்

ஒரு குடும்பத்தில் ஒருவனுக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று பெயர் வந்துவிட்டால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமை அவனுக்கு அன்றோடு போய்விடும். எனக்கு அந்தப் பெயர் வந்தபோது நான் திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்கத் தெரியும், அடித்ததை சேவ் பண்ண மறக்கத் தெரியும். (இரண்டாவதில்தான் நான் கெட்டிக்காரன்.)

ஃப்ளெக்ஸ் போர்டு எங்கள் பக்கம் வந்த புதிது. வடமதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், அதைத் தம்பியே செய்துவிடுவான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அண்ணி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டார்.

"தம்பி, யார எப்படிப் போடுவீகளோ எனக்குத் தெரியாது. எங்கண்ணன மட்டும் நல்லாப் போட்ருங்க. தாய்மாமன் மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். அவருக்கு ஒரு கொறன்னா சீர எடுத்துக்கிட்டு அப்படியே திரும்பிருவாக எங்க ஆளுக."

"கவலப்படாதீக அண்ணி," என்றேன். இவ்வளவு தைரியமாக ஒரு பொய்யை அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை.

போட்டோஷாப்பைத் திறந்ததும் தைரியம் இறங்கிவிட்டது. திண்டுக்கல் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்த ஸ்டெல்லாவிடம் போய் நின்றேன். அவருக்கு என் வயதுதான். வித்தையில் மட்டும் எனக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இடது கை கீபோர்டில் தானாக ஓடும், வலது கை மவுஸில் இருக்கும், கண் திரையை விட்டு அசையாது. ஒரு பாட்டியம்மாவின் நரைமுடியை ஒவ்வொன்றாகப் பின்னணியிலிருந்து பிரித்து எடுத்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். கூடவே கடைக்கு வந்தவர்களுக்கு விலையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு ஆளையும் தனித்தனிக் கண்ணாடியில ஒட்டி, கண்ணாடிகள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறோம்னு வச்சுக்கங்க. அதான் சார் லேயர். மேல இருக்கறவரு கீழ இருக்கறவர மறைப்பாரு. பக்கத்துல கண்ணு படம் இருக்குல்ல? அதத் தட்டுனா அந்த ஆளு மறைஞ்சிருவாரு. அழியமாட்டாரு. திரும்பத் தட்டுனா வந்துருவாரு. பிரிண்டுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாக் கண்ணும் தொறந்திருக்கான்னு பாத்துக்கங்க."

"சரி மேடம். இந்த எஃபெக்ட் போடுற பிளகின்?"

"அதெல்லாம் வெஞ்சனம் சார். சோத்த விடக் கூடிரக் கூடாது."

நான் வெஞ்சனத்தை மட்டுமே பரிமாறுகிறவன். நண்பன் கொடுத்த சிடியில் நெருப்பு, புகை, மழை, மின்னல் என்று பிளகின்கள் குவிந்து கிடந்தன. பெரியப்பாவைச் சுற்றிப் புகை விட்டேன். குழந்தை தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டினேன். தாய்மாமன் சின்னச்சாமிக்கு மட்டும் ஸ்பெஷலாக, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒளிக்கதிர் பாய்கிற எஃபெக்ட். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை விவசாயம் பண்ணுகிற மனிதர் அவர். என் புண்ணியத்தில் சூரிய பகவானாகவே ஆகிவிட்டார்.

ஆனால் என் கம்ப்யூட்டர் பாவப்பட்ட ஜென்மம். அவர் படம் பெரியது, பின்னால் தனி லேயரில் ஒளிக்கதிர் வேறு. எதைத் தொட்டாலும் திரை உறைந்துபோனது. சரி, மாமா செத்த நேரம் ஓரமாக நிற்கட்டும் என்று அவர் லேயரின் கண்ணைத் தட்டி மூடினேன். கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் மற்ற வேலைகளையெல்லாம் முடித்து, எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே படமாக்கி சிடியில் எழுதிவிட்டேன். கண்ணைத் திரும்பத் திறக்கவில்லை.

ஸ்டெல்லா முன்பே சொல்லியிருந்தபடி லேயர்களைச் சேர்க்காத மூல ஃபைலையும் அதே சிடியில் போட்டிருந்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். கடையில் படத்தைத் திறந்து பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"சார், இந்த எடத்துல வெறும் வெளிச்சமா..."

"மேடம், அது டிசைன்," என்றேன். "ஒண்ணையும் தொடாதீங்க. அப்படியே அடிங்க."

என் டிசைனில் ஒரு பெண் குறை கண்டுபிடிப்பதா என்கிற ரோஷம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே அடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். விடியாத கருக்கலில் நானே சாரம் ஏறி ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் பெரியப்பா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார்.

"ஏலே, சின்னச்சாமி எப்படா ஜோதியில கலந்தாரு? எனக்குச் சொல்லவே இல்லையே?"

பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். அதிலிருந்து எட்டுத் திசைக்கும் ஒளிக்கதிர். கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன் சின்னச்சாமி'. ஆள் இல்லை. காதுகுத்து வீட்டு வாசலில், உயிரோடிருக்கும் தாய்மாமனுக்கு நான் மோட்சம் கொடுத்திருந்தேன்.

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "பத்து மணிக்குச் சீர் வந்துரும் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் ஆனதே இல்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"சர்ச்சுல பூசைக்குக் கெளம்பிட்டேன் சார். என்ன?"

சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தைக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் நூறு தடவை சொல்லலாம். அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"மாதா கோச்சுக்கமாட்டாங்க. கடையத் தொறக்கப் போறேன். அவரு லேயர் எது?"

"மீச இருக்கும் மேடம்."

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "சார், நாப்பத்திமூணு லேயர் இருக்கு. எல்லாத்துக்கும் 'காப்பி, காப்பி, காப்பி'ன்னே பேரு வச்சிருக்கீங்க. அதுல பதினோரு பேருக்கு மீச இருக்கு."

"கண்ணு மூடியிருக்கும் மேடம்."

"கெடச்சிட்டாரு." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "முழு ஃப்ளெக்ஸ் அடிச்சு அனுப்ப நேரம் காணாது. இவர மட்டும் தனியா அடிச்சு, ஓரம் வெட்டி, பஸ்ஸுல குடுத்து விடுறேன். மேல ஒட்டிருங்க. கம்ப்யூட்டர்ல பண்றத வாசல்ல பண்ணப் போறீங்க, அம்புட்டுதான்."

ஒன்பது மணிக்குத் தெரு முக்கில் மேளச் சத்தம் கேட்டது. சீர் முன்னதாகவே வந்துவிட்டது! நான் பின்பக்கச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு ஓடினேன். வேட்டி எனக்கு முன்னால் ஓடியது. பஸ் வரவில்லை. அடுத்து வர வேண்டியதும் வரவில்லை. மேளம் மட்டும் விடாமல் கேட்டது. ஆனால் என்ன அதிசயமோ, ஊர்வலம் முக்கை விட்டு நகரவில்லை. குலசாமி காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு வந்த பஸ்ஸில் கண்டக்டர் ஒரு நீளமான சுருளை நீட்டினார். செய்தித்தாளில் சுற்றி, மேலே டபுள் சைடு டேப்பையும் கட்டி அனுப்பியிருந்தார் ஸ்டெல்லா. என் வீட்டில் டேப் இருக்காது என்பது வரை அந்தப் பெண் யோசித்திருக்கிறார். நான் நட்சத்திரம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு யோசித்திருந்தால் போதும்.

பிரித்துப் பார்த்தேன். மாமாவின் மீசை நுனி வரைக்கும் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார். கொஞ்சம் பெரிதாகவே அடித்திருந்தார். ஒளிக்கதிருக்கு நடுவில் ஒட்டியதும் மாமா போர்டை விட்டு வெளியே எழுந்து வருவது மாதிரி இருந்தது. அவர் தோள்பட்டை பெரியப்பாவின் பாதி முகத்தை மறைத்தது. (ஜோதி என்று கேலி செய்தவருக்கு அது தகும்.)

நான் சாரத்திலிருந்து குதிக்கவும் சீர் வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது. சின்னச்சாமி மாமா அண்ணாந்து பார்த்தார். மீசையைத் தடவினார். "எம்புட்டு மரியாத! மாமனுக்குன்னு தனியா ஒட்டியிருக்காக பாருங்கடா," என்றார் தன் ஆட்களிடம். அண்ணி அப்போதுதான் அழுதார். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரே அதிர அலறிக் காது குத்திக்கொண்டது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் மாமாவின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. "தாய்மாமன் படத்தத் தனியா வெட்டி மேல ஒட்டணும், அதான் மொற" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிறகு எங்கள் பக்கமும் கேட்டார்கள். ஸ்டெல்லாவின் கடைக்கு வந்து, "ஒரு ஃப்ளெக்ஸு, அது போக ஒரு மாமா" என்று ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று எங்கள் சொந்தத்துப் பிள்ளைகள் இதை முப்பாட்டன் காலத்து வழக்கம் என்று நம்புகிறார்கள். வீட்டிலோ, குழம்பில் உப்பு இல்லையென்றால் கடையில் நடந்தது தெரிந்த அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, "அது டிசைன்" என்பார்.

சில வருஷம் கழித்து என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என்னையும் ஸ்டெல்லாதான் வெட்டி அனுப்பியிருந்தார், ஒட்டியிருந்தார்கள். அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தபோது சின்னச்சாமி மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, அன்னிக்கு விடியக்கால நாந்தான் உங்க வீட்டுக்குப் பூ எறக்கிட்டுப் போனேன். தெரியுமா?"

நான் படத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அப்ப... ஃப்ளெக்ஸ..."

"வாசல அடச்சுக் கட்டியிருந்தத எப்படிப் பாக்காமப் போவேன்? கோவம் வந்துச்சு. அப்புறம் பாத்தா, பேரு இருக்கு. ஆள வேணாம்னு நெனக்கிறவன் பேர இம்புட்டுப் பெருசா எழுதுவானா? சீரோட முக்குக்கு வந்தப்ப, நீ சந்துக்குள்ள வேட்டியப் பிடிச்சுக்கிட்டு ஓடுறதப் பாத்தேன். என்னமோ பண்றான், நேரம் குடுப்போம்னு மேளத்த அங்கயே நிறுத்திட்டேன். ஒண்ணர மணி நேரம் வாசிச்சானுக, பாவம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா என் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிதான் மாப்ள. ஆனா ஒனக்குப் பின்னாடி அந்த வெளிச்சத்தக் காணோமே?"