ஆடும் பெஞ்சும் போகாத கப்பலும்

காலை எட்டு மணி. எட்டு என்பது ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த தோக்கியோ கணக்கு. பினாங்குச் சூரியனுக்கு அப்போது ஆறரைதான். அந்த அரையிருட்டில் மாடி அறையிலிருந்து இறங்கிய என் கண்ணில் முதலில் பட்டது, கீழ்க்கடை வாசலில் தொங்கிய கரும்பலகை. "இன்று கப்பல் இல்லை" என்று எழுதியிருந்தது. டிக்கெட் அண்ணே அதை ஈரத்துணியால் அழித்துவிட்டு, அதையே மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார். நேற்றைய 'இன்று' இன்றைக்குச் செல்லாதாம்.

விற்க ஒன்றுமே இல்லாமல் அவரைப்போல் கறாராக வியாபாரம் செய்தவர் ஆசியாக் கண்டத்திலேயே கிடையாது. சண்டைக்கு முன் கடலோரக் கப்பல்களுக்கு டிக்கெட் விற்றவர். கப்பல்களில் சில மூழ்கின, மற்றவற்றை ராணுவம் எடுத்துக்கொண்டது. அண்ணே மட்டும் தினமும் கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, உட்கார்ந்திருந்தார். வேலை பார்த்த பத்திரிகை மூடப்பட்டதால் நானும் சும்மாதான் இருந்தேன். ஆனால் அவர் அளவுக்கு உழைத்துச் சும்மா இருக்க எனக்கு வரவில்லை.

உல்லாசமாக ஊர் சுற்றிவர நினைப்பவர்களுக்கு அவர் கடையில் இரண்டே இடங்கள். லங்காவித் தீவு, இல்லாவிட்டால் மலாக்காப் பட்டணம்.

"வேற இடமே இல்லையாண்ணே?"

"ரெண்டுல ஒண்ணச் சொல்லத் தெரியல, மூணாவது எதுக்கு?"

யாருக்கு எது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க ஒரு பெஞ்சு வைத்திருந்தார். அதன் ஒரு கால் குட்டை. ஆளை உட்காரவைத்து, கையில் நிறைகுவளைத் தண்ணீரைக் கொடுத்து, பெஞ்சைப் பிடித்து ஆட்டுவார். சிந்தாவிட்டால் தீவு. சிந்தினால் பட்டணம். மலாக்காக் கப்பல் கரையை ஒட்டியே போகுமாம்; வாந்தி எடுப்பவனுக்குக் கரை கண்ணில் பட்டால் தெம்பாக இருக்குமாம்.

பக்கத்துக் கடையில் அரிசிக்கு வரிசை நிற்பவர்கள் பொழுது போகாமல் வந்து உட்காருவார்கள். ஒருநாள் கண்ணாடி போட்ட ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி, ஒருவர் கேட்டார்:

"கப்பலே இல்லலா! பெஞ்ச ஏன் ஆட்டுறீங்க?"

"கப்பல் வந்து நின்னப்புறம் ஆட்டுனா நேரம் பத்துமா? உக்காருங்க."

கிராணி உட்கார்ந்தார். குவளைத் தண்ணீர் முழுவதும் அவர் கால்சட்டையில். "பட்டணம்," என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணே. வரிசை முழுவதும் சிரித்தது. அந்த வருஷங்களில் அரிசி வரிசை சிரித்ததை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

கடைக்கு ஒரு சட்டமும் உண்டு. கணவனும் மனைவியுமாகப் போவதென்றால் இருவரும் சேர்ந்து வந்து, ஒரே இடத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் டிக்கெட் கிடையாது. "நடுக்கடல்ல சண்ட வந்தா கப்பல நிறுத்த முடியாது பாருங்க."

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வேலாயுதமும் பாக்கியமும். அவன் அக்கரையில் பிறை என்ற ஊரின் ரயில் பட்டறையில் பிட்டர். கல்யாணமானதிலிருந்து இருவரும் எங்கேயும் போனதில்லை. சண்டைக்கு முன்பே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் தீவு என்றான். "இருக்கறதே தீவு, இன்னொரு தீவு எதுக்கு?" என்றாள் அவள். முடிவாகாமலே எழுந்து போனார்கள். பிறகு குண்டு விழுந்தது. பிறகு அவனைச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஒரு வரித் தகவல் இல்லை.

பாக்கியம் பாசார் என்ற சந்தையில் மரவள்ளிக்கிழங்கு அடை விற்றாள். வாரம் ஒருமுறை, கூடை காலியானதும் கடைக்கு வருவாள். அண்ணே உடனே வேலாயுதத்தின் கட்சியில் சேர்ந்துகொள்வார்.

"என்ன பாக்கியம், லங்காவின்னு போட்டுறவா?"

"யாருக்கு வேணும் உங்க லங்காவி? மணலப் பாக்கக் கப்பல் ஏறணுமா?"

"உன் வீட்டுக்காரன் அப்படிச் சொல்லலியே."

"அவருக்கு என்ன தெரியும்! வரட்டும், பேசிக்கிறேன்."

'வரட்டும்' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் அண்ணே வாதத்தை நிறுத்திவிடுவார். அவளும் முந்தானையை உதறிக்கொண்டு போய்விடுவாள். புருஷன் என்ன ஆனானென்றே தெரியாத பெண்ணிடம் இப்படியா வம்பு வளர்ப்பது என்று வரிசையில் முணுமுணுத்தார்கள்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், வேலாயுதம் இருந்த முகாமில் காலரா கண்டு ஒருவரும் மிஞ்சவில்லை என்று பாசாரில் சொல்லியிருந்தான். செய்தி எங்களுக்கு வந்ததும் அண்ணே எழுந்து பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார்.

"எங்கண்ணே?"

"அவ கடைக்கு வரலன்னா, கடை அவகிட்ட போகணும்லா. அந்தப் பக்கத்தப் பிடி தம்பி."

முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் காவல் நின்றான். அவனைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். தலையில் பெஞ்சோடு இருவரும் குனிந்தோம். பெஞ்சு சறுக்கி அவன் பூட்ஸுக்கு முன்னால் விழுந்தது. ஆளுக்கு ஓர் அறை. அதன்பின் பெஞ்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வேண்டும் என்று சைகை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அண்ணேயின் கிசுகிசுப்பு.

"தம்பி, தலை சுத்துதா?"

"சுத்துதுண்ணே."

"அப்ப நீ பட்டணம்."

சிரித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பாக்கியத்தின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சுவரோரம் படுத்திருந்தவள் எங்களைக் கண்டு எழுந்து உட்கார்ந்தாள். அண்ணே பெஞ்சை நடுவீட்டில் போட்டார். அவள் அதைப் பார்த்தாள்.

"எழுதிடுங்கண்ணே. லங்காவிக்கே எழுதிடுங்க. அவர் ஆசப்பட்டது அதானே."

அண்ணேயின் கன்னத்தில் சிப்பாயின் விரல்கள் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன.

"லங்காவியா? அங்க என்னா இருக்கு, மணலும் எருமையும். மலாக்காவுல கடைத்தெரு இருக்கு, கோட்டை இருக்கு, ராத்திரியில வெளக்கு இருக்கு."

"போன தடவ தீவுதான் ஒசத்தின்னீங்க?"

"போன தடவ நீ பட்டணம்ன."

"என்னண்ணே இது! நான் எதச் சொன்னாலும் இல்லம்பீங்களா?"

"ஒருத்தி சொல்லி என் கடையில டிக்கெட் கெடையாது. அவன் வரணும். இதே பெஞ்சுல உக்காந்து உன்ன எதுத்துப் பேசணும். செத்துப்போனத நீ பாத்தியா? நான் பாத்தனா? பாசார்ல ஒருத்தன் சொன்னா ஆச்சா?"

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து அவள் எழுந்து, எங்கள் இருவருக்கும் கஞ்சி வைக்க அடுப்பை மூட்டினாள். அடுத்த வாரம், கூடை காலியானதும், கடைக்கு வந்தாள்.

ஜப்பான்காரர்கள் போய், கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆனபின் வேலாயுதம் வந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. காலில் ஆறாத புண். பாக்கியம் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். அண்ணே பெஞ்சின் முனையில் கையை வைத்தார். ஆட்டவில்லை.

"சொல்லுங்க. தீவா, பட்டணமா?"

"அவ சொல்றதுதான்," என்றான் வேலாயுதம்.

"இல்ல, அவர் சொல்ற எடம்," என்றாள் பாக்கியம்.

அண்ணேக்கு வந்த கோபத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "இத்தன வருசமா உங்க சண்டைய அணையாமக் காப்பாத்தி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் இப்படி விட்டுக்குடுத்தா என்னா அர்த்தம்?"

 பிறகு பாக்கியம் மெல்லச் சொன்னாள்: "அப்ப மலாக்கா."

"மலாக்காவா?" வேலாயுதம் நிமிர்ந்தான். "அங்க போயி என்னா பண்றது?"

"ஏன், உங்க தீவுல மட்டும் என்னா கொட்டிக் கெடக்கு?"

அண்ணே ஓசைப்படாமல் வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினார். கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்ததால், டிக்கெட்டுக்காக வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றார் அவர்களிடம். "உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க."

அன்று மதியம்வரை அவர் கடைக்குள் போகவில்லை.