அண்டாவும் தாம்பாளமும்

இரும்பு நேர்மையானது, உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்துவிட்டு, திடீரென்று பொத்துக்கொண்டு விழும். இது எனக்கு அன்றே தெரியும். (தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும்.)

எண்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. ஒதியம்பட்டில் மாமனார் வீட்டில் மறுநாள் மச்சினனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தெருவுக்கே பிரியாணி. அலுமினிய அண்டாவின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை.

"வில்லியனூர்ல குடுத்து அடைச்சிட்டு வந்துடறேன்" என்றார் மாமனார்.

"இன்னாப்பா நீ! வெல்டிங் படிச்சவரு வூட்லயே இருக்கசொல்ல?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

அவ்வளவுதான். என் படிப்பின் மானம் அந்த ஓட்டையில் வந்து நின்றது. நான் வேலை பார்த்த பட்டறையில் கெஞ்சி, சிறிய மிக் வெல்டிங் மெஷினையும் ஆர்கான் சிலிண்டரையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். எண்ணெய்ப் பசையைத் துடைத்தேன். எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்தேன். முகமூடியோடு அண்டாவுக்குள் தலையை விட்ட பிறகுதான், உருகி விழாமல், அலுமினியம் ஒட்டாத இரும்பால் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"அத்தே, பழைய இரும்புத் தட்டு ஒண்ணு அடியில வையுங்க!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

"வெச்சிட்டேங்க மாப்ள!"

மெஷினைப் போட்டேன். வீட்டு விளக்குகள் மங்கின. ஊசி ஓட்டை ரூபாய்க் காசு அளவுக்கு விரிந்தது. நான் அசரவில்லை, கம்பியை ஊட்டி ஊட்டி அடைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை!

கர்வத்தோடு அண்டாவைத் தூக்கினேன். அடியில் ஒட்டிக்கொண்டு, எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்த புது அலுமினியத் தாம்பாளமும் கூடவே வந்தது.

"துருப்புடிச்சதப் போயி மாப்ளைக்குக் குடுக்கறதான்னு..." என்று இழுத்தார் மாமியார். நல்லவேளை, அவரும் சிவக்கவில்லை.

மாமனார் தாம்பாளத்தை ஒரு பக்கம் இழுத்தார். அண்டாவை நான் மறுபக்கம் இழுத்தேன். அசையவில்லை.

"பங்குச் சாமியாரு போட்ட முடிச்சிகூட இவ்ளோ கெட்டி இல்ல மாப்ள!" என்றார் மூச்சு வாங்க.

மறுநாள் பிரியாணி துளியும் அடிபிடிக்கவில்லை. அடி இரட்டையாயிற்றே! அடுத்த விசேஷத்துக்கு அந்த அண்டாதான் வேண்டுமென்று பக்கத்து வீட்டார் அன்றே சொல்லி வைத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் மணமக்களை இன்றும் "அண்டாவும் தாம்பாளமுமா இருங்க" என்றுதான் வாழ்த்துகிறார்கள். அவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பற்று இதுவரை விடவில்லை. முறைப்படி செய்தால் விடாது.