சில்வஸ்டர் ஊடு ஸ்டாப்

பஸ் திரும்பவில்லை.

குன்னூரிலிருந்து முதன்முதலாக வெள்ளோட்டம் வந்த பஸ். ஜெகதளாவுக்குக் கீழே, அதுவரை தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்து நடந்த மண்பாதைக்கு அந்த வருடம்தான் தார் போட்டிருந்தார்கள். தெருவே திரண்டு நின்று வேடிக்கை பார்க்க, பஸ் சில்வஸ்டர் வீட்டு வேலிக்குள் மூக்கை நுழைத்துவிட்டு உறுமிக்கொண்டிருந்தது.

"இங்க ஆவாதுங்க," என்றார் டிரைவர் ராஜசேகர். "மேல இசக்கி கடைகிட்டயே திருப்பிக்கறேன். ஸ்டாப்புக்கும் அந்தப் பேரே இருக்கட்டும்."

சில்வஸ்டருக்குத் திக்கென்றது. எஸ்டேட் ஆபீஸில் காலமெல்லாம் உழைத்தும், ஊரில் அவருக்கு 'மெட்டில்டா டீச்சர் ஊட்டுக்காரர்' என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் ஸ்டாப்புக்குத் தன் பேர் வைத்துவிட்டால்? 'சில்வஸ்டர் ஊடு! சில்வஸ்டர் ஊடு!' என்று தினமும் கண்டக்டர் கூவுவாரே! நினைக்கும்போதே அவருக்குப் புல்லரித்தது.

"வேலிதானுங்களே? நாளைக்கே எடுத்துடறேன். ஸ்டாப்புக்கு மட்டும் சில்வஸ்டர் ஊடுன்னு பேரு வச்சிருங்க."

"உங்க எடம், உங்க பேரு. எனக்கென்னங்க?"

வேலி போனது. மறுநாளே ஆடுகள் வந்தன.

"ஏனுங்க, முட்டைக்கோசு பூராத்தையும் தின்னுட்டுப் போயிருச்சுங்க!" என்று அலறினாள் மெட்டில்டா. "வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில வுட்டுக்கிட்ட கதையால்ல இருக்குது!"

"கோசு கெடக்குது போ. ஊரே நம்ம பேருல டிக்கெட் வாங்கப் போவுது!"

"நம்ம பேராங்க? உங்க பேரு!"

அடுத்த வெள்ளோட்டத்தில் பஸ்ஸின் பின்பக்கம் கோழிக்கூண்டில் இடித்தது. ராஜசேகர் தலையைச் சொறிந்தார். அவர் கண் மேலே இசக்கி கடைப் பக்கம் போனதைப் பார்த்ததும் சில்வஸ்டர் கடப்பாரையோடு பாய்ந்தார். இஞ்சின் அணைவதற்குள் கூண்டு இல்லை. கோழிகள் வீட்டுக்குள் குடியேறின. ஒன்று மெட்டில்டாவின் பரீட்சைப் பேப்பர் கட்டின் மேல் முட்டையிட்டது.

"இந்தப் பையன் வாங்குன முட்டைய நான் போடல, கோழி போட்டுச்சுன்னா பள்ளிக்கூடத்துல நம்புவாங்களா?" என்றாள் அவள்.

மூன்றாம் முறை பஸ் மேல் இருந்த கேரியர், முன்ரூம் கூரைத் தகரத்தில் மாட்டியது.

"அந்தத் தகரம் மட்டும் இல்லீன்னா..." என்று இழுத்தார் ராஜசேகர்.

சில்வஸ்டர் அதற்குள் ஏணியில் இருந்தார். சுவர்தான் தகரத்தைத் தாங்குகிறது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தார். உண்மையில் தகரம்தான் சுவரைத் தாங்கியிருக்கிறது. புழுதி அடங்கியபோது, அடுப்படியில் நின்ற மெட்டில்டா மொத்தத் தெருவுக்கும் தெரிந்தாள்.

"தாளிக்கறது எல்லாருக்கும் தெரியுதுங்களா?" என்று கரண்டியோடு கேட்டாள்.

"கோச்சுக்காத மெட்டில்டா, சொவுரு கட்டிக்கலாம். பஸ்ஸு எப்படி ஜோராத் திரும்புது பாரு!"

திரும்பத்தான் செய்தது. ஒரே ஒடிப்பில், வட்டமாக. ஊரே கை தட்டியது.

பஸ் விடும் நாள். இசக்கி தோற்றுப்போன மனஸ்தாபம் இல்லாமல் பூசணிக்காயோடு காத்திருந்தார். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, சுவர் இல்லாத வீட்டு முன்னால் நின்றார் சில்வஸ்டர். வளைவில் ஹாரன் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

படியில் தொங்கியபடி வந்தார் புதுக் கண்டக்டர்.

"அண்ணே, இந்த ஸ்டாப்புக்கு என்ன பேருங்க?"

ராஜசேகர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "சட்டுனு வர மாட்டேங்குது தம்பி. ஏதோ ஊடுன்னு முடியும்!"

கண்டக்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு நேரே பார்த்தார். முகம் மலர விசிலை ஊதிவிட்டு, மலையே கேட்கும்படி கூவினார்:

"இடிஞ்ச ஊடு! இடிஞ்ச ஊடெல்லாம் எறங்குங்க!"