எந்தக் கோயில் மொட்டை?

வேண்டுதல் எதுவும் இல்லாமல், குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்கும்போது, மச்சானின் ரிசப்ஷன் அன்றைக்குப் பார்த்து மொட்டை அடித்துக்கொண்ட மாப்பிள்ளை அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூத்தவன் ஆதவனுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு கொஞ்சம்தான். சத்தம் ஆகாது. சலூன் டிரிம்மர் சத்தம் கேட்டால் எங்கள் வீடு இருக்கும் ஹெப்பகோடியில் கிளம்பி ஓசூரில்தான் நிற்பான். அதனால் அவனுக்கு முடி வெட்டுவது நான். போனில் லிஃப்ட் ஏறி இறங்கும் வீடியோவில் அவன் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து, கத்தரிக்கோலால் இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி. (எலி கடித்த தேங்காய் இதைவிட லட்சணமாக இருக்கும்.)

அந்த ஞாயிறு மாலை காக்ஸ் டவுனில் ரிசப்ஷன். காலையிலேயே என் மனைவி கவிதா ஆரம்பித்தாள்.

"ஏங்க, எந்த ஃபங்ஷன்லயும் போட்டோ எடுக்கறதுக்குள்ள இவன் காதைப் பொத்திக்கிட்டு ஓடிடறான். நீங்க பின்னாடியே ஓடறீங்க. என் தம்பி ரிசப்ஷன்லயாவது நாம நாலு பேரும் ஒண்ணா நிக்கணும். இவன் தலையும் ஒழுங்கா இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். (அந்த வார்த்தையை நான் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் வெளுக்கும். அன்றும் வெளுத்தது.)

என் திட்டம் எளிமையானது. முதலில் நான் உட்கார்ந்து வெட்டிக்கொள்வது. வலிக்கவில்லை என்று அவன் பார்ப்பது. பிறகு அவன் உட்காருவது. தெருமுனை சலூன்காரர் மஞ்சண்ணாவிடம், "சும்மா காதோரம் லைட்டா ஓட்டுங்க. பையன் பாக்கட்டும்" என்றேன்.

டிரிம்மர் உறுமியது. ஆதவன் வாசலை ஒட்டி நின்று காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் ஓடவில்லை. ஒரு கற்றை முடி என் மடியில் விழுந்தது. ஒரு கையை எடுத்தான். இன்னொரு கற்றை விழுந்தது. மறு கையையும் எடுத்தான். மெல்லப் பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான்:

"இன்னும்."

ஸ்பீச் தெரபி மேடம் மாதக்கணக்கில் பிஸ்கட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அவனாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் மறுபேச்சில்லாமல் உடனே கொடுக்க வேண்டும், அப்போதுதான் பேசினால் பலன் உண்டு என்று அவனுக்குப் புரியும் என்பது மேடத்தின் கட்டளை. பிஸ்கட்டுக்குத்தானா, முடிக்குமா என்று நான் விளக்கம் கேட்டு வைத்திருக்கவில்லை.

"ஓட்டுங்க" என்றேன்.

"இன்னும்."

"ஓட்டுங்க மஞ்சண்ணா!"

நடுமண்டையில் ஒரு ரோடு போட்டபின் அவர் நிறுத்தி, "சாக்கா சார்?" என்றார். போதுமா என்று கன்னடத்தில் கேட்கிறார். அவர் கேட்ட தொனி நம்ம ஊர் 'ஷாக்கா சார்?' என்பதற்கும் பொருந்தியது.

ஆதவன் கைகொட்டிச் சிரித்தான். "இன்னும்!"

அப்போது கவிதாவின் போன். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அவன் அழுதானா?"

"அவன் அழல."

வீட்டுக்கு வந்தோம். ஆதவனின் தலை எலி கடித்தபடியே இருந்தது. என் தலைதான் மொட்டையாக இருந்தது. நாலு வயது மீரா, "அப்பா, உன் முடிய யாரு எடுத்துக்கிட்டா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். கீழ் ஃப்ளாட்காரர் என் கையைப் பிடித்து, "பெரியவருக்கா? சொல்லவே இல்லையே" என்றார். கவிதா என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

ரிசப்ஷனில் நாலைந்து பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. கவிதாவின் பெரியம்மா வந்து, "என்ன மாப்ளே, எந்தக் கோயிலு?" என்று கேட்டபோது களைத்துப்போய், "திருப்பதி, அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

அவர் கையை நீட்டினார். "லட்டு எங்க?"

நான் பாக்கெட்டைத் தடவினேன். அதுவரை என்னோடு பேசாதிருந்த கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பெரியம்மா ஆதவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் என் தோளில் உட்கார்ந்து, சொரசொரப்பான என் மண்டையை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஸ்பீக்கர் அலறியும் காதைப் பொத்தவில்லை. வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் நாங்கள் எந்த மண்டபத்திலும் இருந்ததில்லை. மேடையேறி, நாலு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இப்போது அவன் மஞ்சண்ணாவின் நாற்காலியில் சமர்த்தாக உட்காருகிறான், முதலில் எனக்கு மொட்டை என்ற ஒரே நிபந்தனையோடு. ஆபீஸில் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைக்கிறார்கள். மாமியார் வீட்டிலோ, யார் திருப்பதி போய் வந்தாலும் முதல் லட்டு எனக்குத்தான் வருகிறது.

"மாப்ளைக்குக் குடுங்கப்பா" என்கிறார் பெரியம்மா. "பாவம், அவருக்கு மட்டும் அங்க குடுக்க மாட்டேங்கறாங்களாம்."