நூற்று முப்பத்தேழு ஆட்சேபகரமான சொற்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகம் இருப்பவர்கள் வந்தால், பெங்களூரு லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் முதல் தூணில் கைவைத்துச் சத்தியம் செய்து தரப்படும். போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து வரவும்.

உலக நாகரிகம் இன்றுவரை குடைசாயாமல் நிற்பதற்குக் காரணம் ராணுவமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒரு சாண் உயரமுள்ள பித்தளைக் கைமணி. அது லிங்கராஜபுரத்தில் ‘நற்பட ரசிகர் வட்டம்’ என்ற அமைப்பின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அலமாரியின் சாவி நெடுநாள் ஓஸ்வால்டிடம் இருந்தது.

வட்டம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சர்ச் ஹாலில் ஒரு நல்ல படம் காட்டும். எவ்வளவு நல்ல படமானாலும் நடுவில் எவனாவது வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிடுகிறான் என்பது வட்டத்தின் நீண்டநாள் வேதனை. ஆகவே விதி ஏழு, உட்பிரிவு ஆ: ‘ஆட்சேபகரமான சொல் ஒலிக்கும் தருணத்தில் மணி அடிக்கப்படும்.’ அடிப்பவரின் பதவிக்கு ‘மணியக்காரர்’ என்று பெயர். மற்ற ஊர்களில் மணியக்காரர் வரி வசூலித்தார். இங்கே ஒழுக்கம் வசூலிக்கிறார்.

உட்பிரிவு இ இன்னும் ஆழமானது. மணியக்காரர் படத்தை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கெட்டுப்போவார், கெட்டுப்போனவர் கையில் மணியைக் கொடுக்க முடியாது. சொல் வெளியே வந்த பிறகு அடித்தும் பயனில்லை. ஆக, பார்க்காத படத்தில், வராத சொல்லுக்கு, வருவதற்கு அரை விநாடி முன்பே அடிக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக ஓஸ்வால்ட் இதைச் செய்துவந்தார். டெலிபோன் தொழிற்சாலையில் மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நடிகனின் உதடு குவிந்தால் ஒரு அடி. கண்ணைச் சிமிட்டினால் இரண்டு. பேசுமுன் சுற்றும்முற்றும் பார்த்தால் மூன்று. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட எந்த உறுப்பினர் காதிலும் விழுந்ததில்லை. அப்படி ஒரு வார்த்தை அந்தப் படங்களில் இருந்ததா என்ற கேள்வியும் எழுந்ததில்லை.

இப்படிப்பட்ட வட்டம், கொச்சையாகப் பேசிச் சிரிக்கவைக்கும் மேடை நகைச்சுவைக்காரர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் திரையிட முடிவு செய்தது. கண்டிப்பதற்காக. ஒன்றைக் கண்டிக்க வேண்டுமானால் அதை முழுவதுமாகப் பார்த்தாக வேண்டும் என்று தலைவர் கஸ்தூரிரங்கன் விளக்கினார். மாநிலத் தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்தவர். வாழ்நாளில் ‘நோ’ என்பதை எட்டுப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதியவர். சென்ற மாதம் நிலத்தடி நீர் பற்றிய படத்துக்கு வாட்ச்மேனையும் சேர்த்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இந்த மாதம் கண்டிக்க ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

ஓஸ்வால்டுக்கு மட்டும் வேறு கவலை. அந்தப் படத்தில் அவருடைய மகன் டெரிக் நான்கு நிமிடம் வருகிறான்.

டெரிக் சாப்ட்வேர் கம்பெனி வேலையை விட்டு ஐந்து வருடமாகிறது. இந்திராநகர் பக்கம் மது விடுதிகளில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறான். விசாரிப்பவர்களிடம் ஓஸ்வால்ட், “ஈவென்ட்ஸ்ல இருக்கான்” என்று சொல்லிவந்தார். ஒரு நிகழ்ச்சிக்கும் போனதில்லை. இந்த ஆட்கள் மேடையேறினால் முதலில் உரிப்பது அப்பன் தோலைத்தான் என்று கஸ்தூரிரங்கன் எங்கோ படித்ததை வந்து சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஓஸ்வால்டுக்கு ஒரே கேள்விதான்: என்னைப் பற்றி என்ன சொல்கிறான்? கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது.

படம் இருந்த பென் டிரைவை டெரிக்கே கொண்டுவந்து கொடுத்தான். படத்தை எடுத்தது அவன் சிநேகிதர்கள். கொடுக்கும்போது ஒன்று சொன்னான்.

“டாடி, என் நாலு நிமிஷத்துக்கு மட்டும் மணிய கீழ வெச்சிடுங்க. கேளுங்க, போதும்.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“நான் எல்லாரும் இல்லயே.”

ஓஸ்வால்ட் மணியைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த மணி.

விளக்குகள் அணைந்தன. முதல் நகைச்சுவைக்காரன் திரையில் வந்து தொண்டையைச் செருமினான். ஓஸ்வால்ட் அடித்தார். இரண்டாவது முறை அடித்தபோது, பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் “ஏன் ஹேள்த?” என்று கன்னடத்தில் கேட்டார், என்ன சொன்னான் என்று. பக்கத்திலிருந்தவருக்கும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் பண்புள்ள மனிதர், கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஊகித்து ஒன்றைச் சொன்னார். அது வரிசை வரிசையாக முன்னேறியது. ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் சதை போட்டது. முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது, ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை பிரிஜெட் மிஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். துக்கத்தினால் என்றே கொள்ள வேண்டும்.

இருபதாவது மணியிலிருந்து சபைக்குப் பழகிவிட்டது. மணி அடித்தால் சிரித்தார்கள். மணிக்கும் மணிக்கும் நடுவே திரையில் இருந்தவர்கள் எதையோ பேசினார்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் ஒரு பெண் கலைஞர் தன் தாயின் மரணத்தைப் பற்றி மூன்று நிமிடம் அசையாமல் பேசினார். அடிக்க இடமே கிடைக்கவில்லை. இருக்கைகளில் சலசலப்பு உண்டானது. தலைவரின் மனைவி ரமா மேடம் திரும்பி, “என்ன ஓஸ்வால்ட் சார், தூங்கிட்டேளா?” என்றார். ஓஸ்வால்ட் மரியாதைக்கு ஒன்று அடித்தார். ஹால் அதிர்ந்தது.

ஐம்பத்தெட்டாவது மணிக்குப் பிறகு டெரிக் திரையில் வந்தான்.

அப்பாவிடம் பேசும்போது எப்போதும் இறுகியிருக்கும் முகம் அங்கே தளர்ந்திருந்தது. மைக்கை எடுத்தான். சிரித்தான். “எங்க டாடி...” என்று ஆரம்பித்தான்.

ஓஸ்வால்டின் கை எழுந்தது. எழுந்த கை நிற்கவில்லை. ஆர்வத்தில் அடித்தாரா, பயத்தில் அடித்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நான்கு நிமிடம், தீயணைப்பு வண்டி போல, இடைவெளி இல்லாமல் அடித்தார். திரையில் டெரிக்கின் வாய் அசைந்தது, கை அசைந்தது, தலை அசைந்தது. கீழே ஐம்பத்திரண்டு பேரும் தங்களால் இயன்ற அளவுக்கு அதை நிரப்பிக்கொண்டார்கள். முடிந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். வட்டத்தின் சரித்திரத்தில் முதல் முறை. ஹாலின் பின்சுவரில் சாய்ந்திருந்த டெரிக் மட்டும் கைதட்டவில்லை.

விளக்குகள் எரிந்ததும் வழக்கம்போல் கருத்துப் படிவம் விநியோகிக்கப்பட்டது. அதில் மூன்றாவது கட்டம்: ‘தாங்கள் கேட்க நேர்ந்த ஆட்சேபகரமான சொல் (தெளிவான கையெழுத்தில்).’ பத்தொன்பது வருடமாகக் காலியாகவே திரும்பி வந்த கட்டம் அது. அன்று உறுப்பினர்கள் கூடுதல் தாள் கேட்டார்கள். பிரிஜெட் மிஸ் ஒவ்வொரு சொல்லையும் பிழையில்லாமல் எழுதி, சொல்லின் வகையையும் குறித்திருந்தார். ரமா மேடம் எழுதிய பதினான்கில் நான்கு, செயலகத்தில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டிய கஸ்தூரிரங்கனுக்கே புதியவை. அவர் மனைவியைப் புதிய மரியாதையுடன் பார்த்தார். தமிழ், கன்னடம், தக்னி உருது, ஆங்கிலம் என நான்கு மொழிகளும் இப்படி ஒரே தாளில் தோளோடு தோள் நின்ற காட்சியை பெங்களூரு அதற்கு முன் கண்டதில்லை.

மொத்தம் நூற்று முப்பத்தேழு சொற்கள். அவற்றில் அறுபத்தொன்று டெரிக்கின் நான்கு நிமிடத்துக்கு உரியவை.

தலைவர் எழுந்து, இந்தப் பட்டியலைக் கண்டனத்துடன் படத்தைத் தயாரித்தவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. ‘மேற்கண்ட சொற்கள் ஒலித்தபோது மணி அடிக்கப்பட்டது’ என்று மணியக்காரர் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும்.

“உங்க பையன்னு தெரியும் சார். எனக்கும் சங்கடம்தான்,” என்று கஸ்தூரிரங்கன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். “ஆனா ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கோல்லியோ.”

ஓஸ்வால்ட் பட்டியலைப் பார்த்தார். அறுபத்தொன்றும் தன்னைப் பற்றியா? சில சொற்களுக்கு அர்த்தமே பிடிபடவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அதற்குள் டெரிக் மேஜைக்கு வந்திருந்தான். பட்டியலை ஒரு தடவை ஓட்டமாகப் படித்தான்.

“இதுல ஒண்ணுகூட நான் சொல்லல, டாடி.”

“டெரிக்,” என்றார் பிரிஜெட் மிஸ், “அஞ்சாங்கிளாஸ்ல உனக்கு டிக்டேஷன் போட்டவ நான். உன் வாய் எதுக்கு எப்படி அசையும்னு எனக்குத் தெரியாதா?”

ஓஸ்வால்டின் கையில் பேனா நின்றது. “அப்ப என்னதான்டா சொன்ன?”

“நீங்க கேக்கல.”

“இப்ப சொல்லு.”

“மணி?”

ஓஸ்வால்ட் மணியை மேஜைமேல் வைத்தார். அதன் நாக்கு ஆடாமலிருக்கக் கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே திணித்தார். ஹாலில் ஐம்பத்திரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். டெரிக்குக்கு மைக் இல்லை. சாதாரணமாகச் சொன்னான்.

“எங்க டாடி முப்பத்து மூணு வருஷம் போன் ஃபேக்டரில ரிங் டெஸ்ட் பண்ணவரு. வீட்ல போன் அடிச்சா எடுக்க மாட்டாரு. நாலு ரிங் கண்ண மூடிக் கேப்பாரு. ‘நல்ல பீஸ்’னுவாரு, மறுபடி பேப்பர் படிப்பாரு. நான் வேலைய விட்டுட்டேன்னு சொல்ல மூணு நாள் போன் பண்ணேன். மூணு நாளும் என்னைப் பாஸ் போட்டு அனுப்பிட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் “அஷ்டேனா?” என்றார், அவ்வளவுதானா என்று. மணி அடித்தபோது இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்ததென்று ரமா மேடம் பக்கத்திலிருந்தவரிடம் வருத்தப்பட்டார். அப்பா எதிரில் வேறு மாதிரி மாற்றிச் சொல்கிறான் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு மேஜையே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்:

“நாலு இல்லடா. அஞ்சு. நாலு ரிங்ல பீஸ பாஸ் பண்ணா என் வேலை போயிருக்கும்.”

“சரி, அஞ்சு. அடுத்த ஷோல மாத்திச் சொல்றேன்.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை. ஏழு மணி.”

ஓஸ்வால்ட் பேனாவின் மூடியைப் போட்டுத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார். அலமாரிச் சாவியையும் அதன்மேல் வைத்தார். அப்பனும் மகனும் லிங்கராஜபுரம் பஸ் நிறுத்தம் வரை நடந்து போனதைப் பார்த்தவர்கள், வழியெல்லாம் ஓஸ்வால்ட் தொலைபேசி மணிகளைப் பற்றி விளக்கிக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள்.

ஒழுக்கத்தின் காவல் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே பிரிஜெட் மிஸ் பொறுப்பு மணியக்காரராக நியமிக்கப்பட்டார். நூற்று முப்பத்தேழுக்கும் அவரே சான்றளித்துக் கையெழுத்திட்டார். பட்டியல் பதிவுத் தபாலில் போனது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தலைவர் அதை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். வட்டத்தின் அக்கறைக்குத் தயாரிப்பாளர்கள் மனமார நன்றி தெரிவித்திருந்தார்கள். பட்டியலிலுள்ள சொற்களில் நாற்பத்து மூன்றைத் தங்கள் கலைஞர்கள் யாருமே இதுவரை கேள்விப்பட்டதில்லை என்றும், வட்டம் அன்புகூர்ந்து அனுமதித்தால் அவற்றை இனி மேடைகளில் பயன்படுத்திக்கொள்ள விரும்புவதாகவும் கேட்டிருந்தார்கள். ‘உதவி: நற்பட ரசிகர் வட்டம், லிங்கராஜபுரம்’ என்று போட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன், பலத்த கைதட்டலுக்கிடையே அனுமதி வழங்கப்பட்டது. கடிதத்தின் கடைசிப் பத்தியைத் தலைவர் வாசிக்கவில்லை. மடித்து ஃபைலில் வைத்துவிட்டார்.

டெரிக் கொண்டுவந்து கொடுத்தது பள்ளிக்கூடங்களில் காட்டுவதற்காகத் தயாரித்த பிரதி. எழுபது நிமிடப் படத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது.